நீர் கோத்த மண் ஏன் மெல்ல மெல்ல அமுங்குகிறது? கணித மாதிரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் கடலோரக் களிமண். கொஞ்சம் தள்ளிப் போனால் கம்புட் எனப்படும் சதுப்புக் கரிமண். இரண்டுமே நீர் கோத்த மண். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரர்கள், கோயில் நிர்வாகத்தினர், தோட்டத்து அலுவலர்கள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்பவை வேறு வேறு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான்: நீர் எவ்வளவு தூரம் போய், எந்த வழியாக வெளியேற வேண்டும்? அது தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் கைக்கணக்கு.

மண் கொட்டி ஐந்து வருடம் ஆகிவிட்டது. இன்னுமா அமுங்கும்?

அமுங்கும். மென்களிமண்ணின் கன அளவில் பாதிக்கு மேல் தண்ணீர். மண்துகளும் சரி, தண்ணீரும் சரி, நம் கணக்குக்கு நசுங்காதவை. ஆகவே மேலே செம்மண் ஏறியவுடன் களிமண்ணின் கன அளவு குறைய வழியே இல்லை. புதிய சுமை முழுவதையும் துளைகளில் உள்ள நீர்தான் முதலில் தாங்குகிறது. அதன் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறிய நீர், மேலேயோ கீழேயோ உள்ள மணல் அடுக்கைத் தேடிக் கசிகிறது. கசியக் கசிய, சுமை நீரிடமிருந்து மண்துகள்களின் சட்டகத்துக்குக் கைமாறுகிறது. சட்டகம் எவ்வளவு சுமையை வாங்கிக்கொண்டதோ அவ்வளவுதான் மண் அமுங்கும்.

சட்டகம் தாங்கும் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) என்பது மொத்தத் தகைவில் நீரழுத்தத்தைக் கழித்தது. 1920களில் மண் பொறியாளர் கார்ல் தெர்சாகி இந்த ஒரு வரியை வைத்துத்தான் மண் இறுகும் கணக்கைத் தொடங்கினார். மண்ணை உருமாற்றுவது மொத்தச் சுமை அல்ல, சட்டகத்தின் பங்கு மட்டுமே.

இது ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? கீழே எடுத்துக்கொள்ளும் களிமண்ணில் நீர் நகரும் வேகம் நொடிக்கு 3.1 × 10⁻¹⁰ மீட்டர், அதாவது ஒன்றுக்கு ஒன்று சரிவில்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்.

மாதிரியில் எத்தனை சமன்பாடுகள்?

மூன்று. 1941-இல் மொரீஸ் பியோ முப்பரிமாணத்துக்கு எழுதிய வடிவத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். மூன்றாவதை இரண்டாவதில் பொருத்திவிட்டால் தெரியாதவை இரண்டு: சட்டகத்தின் இடப்பெயர்ச்சி, துளைநீர் அழுத்தம்.

முதலாவது விசைச் சமநிலை. மொத்தத் தகைவு = சட்டகத்தின் தகைவு + பியோ கெழு × நீரழுத்தம். சட்டகத்தைவிடத் துகள்கள் பல மடங்கு விறைப்பாக இருக்கும் பொருள்களில், அதாவது மென்களிமண், முழங்கால் குருத்தெலும்பு, பால்மர நுரை மெத்தை போன்றவற்றில், இந்தக் கெழு ஏறத்தாழ 1. பாறையில் 1-ஐவிடக் குறையும்.

இரண்டாவது நீர்க் கணக்கு. சட்டகம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நீர் வெளியேறியாக வேண்டும். நீரும் சிறிது நசுங்கும் என்றால் அதற்கு ஒரு சேமிப்பு உறுப்பு சேரும்.

மூன்றாவது டார்சி விதி. பிரான்ஸின் டிஜோன் நகரக் குடிநீர்ப் பணியின்போது மணல் தூண்களில் சோதித்து, 1856-இல் ஆன்றி டார்சி வெளியிட்டது. நீரோட்டம் அழுத்தச் சரிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும்; இடையில் நிற்கும் எண், ஊடுருவுதிறனைத் திரவத்தின் பாகுநிலையால் (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) வகுத்தது. இங்கே பலர் தவறுவது ஒன்றில்: டார்சி சொல்லும் வேகம் சட்டகத்தை ஒப்பிட்ட வேகம். சட்டகமே நகரும்போது நீரின் உண்மை வேகம் வேறு. சிறிய உருமாற்றத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. நுரையையோ ஜெல்லையோ பாதியாக நசுக்கும்போது விடையையே மாற்றிவிடும்.

ஊடுருவுதிறனுக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வோர் அலகு இருக்கிறதே?

மூன்று வழக்கங்கள் உண்டு, மூன்றையும் "ஊடுருவுதிறன்" என்றுதான் அழைக்கிறார்கள். மண் பொறியாளர்கள் நொடிக்கு மீட்டரில் தருவார்கள். அதில் நீரின் அடர்த்தியும் பாகுநிலையும் கலந்திருக்கும். பெட்ரோலியக்காரர்களும் கணிதக்காரர்களும் சதுர மீட்டரில் தருவார்கள். அது பொருளின் துளை வடிவத்தை மட்டும் சொல்வது. குருத்தெலும்பு ஆய்வுகளில் சதுர மீட்டர் எண்ணைப் பாகுநிலையால் வகுத்தே கொடுப்பார்கள்.

நீருக்கு முதல் எண் இரண்டாவதைப்போல் ஏறத்தாழ 10⁷ மடங்கு. மாற்றிப் போட்டால் ஏழு ஆண்டுக் கணக்கு சில நொடியில் முடிந்துவிடும். அல்லது கோடிக்கணக்கான ஆண்டு ஆகும். மென்பொருளில் எண்ணைத் தட்டும் முன் கட்டத்துக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வெப்பநிலையும் ஒரு பொருட்டு. ஆய்வக எண்கள் வழக்கமாக 20 டிகிரிக்குத் திருத்தப்பட்டவை. 30 டிகிரியில் நீரின் பாகுநிலை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே மண்ணில் நீர் ஏறத்தாழ 25 விழுக்காடு வேகமாக ஓடும்.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு ஒரே வரியில் சூத்திரம் உண்டா?

உண்டு. நேரம் ≈ நீர் போகவேண்டிய தூரத்தின் வர்க்கம் ÷ இறுகல் கெழு. இறுகல் கெழு = ஊடுருவுதிறன் × சட்டகத்தின் விறைப்பு ÷ பாகுநிலை. தூரம் வர்க்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள். தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு.

ஒரே சூத்திரத்தில் மூன்று பொருள்களைப் போட்டுப் பார்க்கலாம். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள நீர் நிறைந்த நுரைக்கு ஊடுருவுதிறன் 10⁻⁹ சதுர மீட்டர், விறைப்பு 10 கிலோபாஸ்கல் என்று வைத்தால் கால் நொடி. 2 மில்லிமீட்டர் குருத்தெலும்புக்கு விறைப்பு 0.5 மெகாபாஸ்கல், பாகுநிலையால் வகுத்த ஊடுருவுதிறன் 10⁻¹⁵ என்றால் 8,000 நொடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நம் ஊர்க் களிமண்ணுக்கு ஆண்டுகள். சமன்பாடு மாறவில்லை.

தாமான் வீட்டு மனையில் 1.5 மீட்டர் செம்மண் போட்டார்கள். எவ்வளவு அமுங்கும், எத்தனை வருடத்தில்?

எடுத்துக்காட்டுக்கு 6 மீட்டர் களிமண் அடுக்கு, மேலும் கீழும் மணல். செம்மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன். சுமை 1.5 × 19 = 28.5 கிலோபாஸ்கல். களிமண்ணின் விறைப்பு 1,000 கிலோபாஸ்கல் என்றால் அமுங்குவது 28.5 ÷ 1,000 × 6 = 0.171 மீட்டர், அதாவது 17 சென்டிமீட்டர்.

காலத்துக்கு, இறுகல் கெழு ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று கொள்வோம். நீர் இரு பக்கமும் வெளியேறலாம் என்பதால் தூரம் பாதி, 3 மீட்டர். தெர்சாகியின் தீர்விலிருந்து வரும் அலகற்ற எண்ணான நேரக் காரணி 50 விழுக்காட்டுக்கு 0.197, 90 விழுக்காட்டுக்கு 0.848. எனவே பாதி அமுங்க 0.197 × 9 ÷ 1 = 1.8 ஆண்டு, 90 விழுக்காடு அமுங்க 0.848 × 9 ÷ 1 = 7.6 ஆண்டு.

இனி, அடியில் மணல் இல்லை, நீர் விடாத கெட்டி மண்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 6 மீட்டர் ஆகிறது. 90 விழுக்காட்டுக்கு 30.5 ஆண்டு. அமுங்கும் அளவு அதே 17 சென்டிமீட்டர்தான். வீட்டுக் கடன் முடிவதற்குள் அமுங்கி முடியுமா என்பதை அடியில் இருக்கும் ஒரு மணல் அடுக்கே தீர்மானிக்கிறது. துளைக் குழாய் ஆய்வு அறிக்கையை வாங்கினால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

வீடு நிற்கிறது, கார் போர்ச் மட்டும் பிளந்து இறங்குகிறதே?

வீடு கான்கிரீட் கம்பத்தில் நிற்கிறது. கம்பம் கெட்டி மண்ணைத் தொடுகிறது. போர்ச், லோங்காங் (சாக்கடை), வேலிச்சுவர் எல்லாம் கொட்டிய மண்ணின்மேல். மண் 17 சென்டிமீட்டர் இறங்கும்போது இணைப்பில் பிளவு விழுவது தவிர வேறு வழியில்லை. கழிவுநீர்க் குழாய் சுவரைக் கடக்கும் இடமும் இப்படித்தான் முறியும்.

இதைவிடக் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. இறங்கும் மண் கம்பத்தைப் பிடித்துக் கீழே இழுக்கும். 150 மில்லிமீட்டர் சதுரக் கம்பத்தின் சுற்றளவு 0.6 மீட்டர். களிமண் ஒட்டும் வலிமை 10 கிலோபாஸ்கல், ஆழம் 6 மீட்டர் என்றால் இழுப்பு 36 கிலோநியூட்டன், ஒரு கம்பத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல் கூடுதல் சுமை. கம்பத்தை வடிவமைக்கும்போது இதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் வீடும் பின்னால் இறங்கும். பழைய வீடுகளுக்கு அடித்த பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டைகள் பல கெட்டி மண்ணைத் தொடவே இல்லை. அவை மண்ணோடு சேர்ந்தே இறங்கும். அப்போது போர்ச் பிளவு சிறிதாக இருக்கும், வீடு முழுவதும் தாழ்ந்திருக்கும்.

ஆய்வகத்தில் ஒரே நாளில் சோதித்துவிட்டு ஏழு வருடம் என்கிறார்கள். நம்பலாமா?

இறுகல் சோதனையில் மண் வில்லையின் தடிமன் 20 மில்லிமீட்டர். மேலும் கீழும் நுண்துளைக் கல். நீர் போகும் தூரம் 10 மில்லிமீட்டர். அதே களிமண்ணுக்கு 90 விழுக்காடு இறுக 0.848 × 0.0001 ÷ 1 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 45 நிமிடம். களத்தில் 3 மீட்டர். 300 மடங்கு தூரம், 90,000 மடங்கு காலம். கணக்கில் பிழை இல்லை. சுமையை 12.5, 25, 50, 100 கிலோபாஸ்கல் என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 24 மணி நேரம் வைத்திருப்பது வழக்கம்.

நம்பாமல் இருக்க வேண்டியது வேறொன்றை. 20 மில்லிமீட்டர் வில்லைக்குள், களத்தில் உள்ள மெல்லிய மணல் இழைகள் அகப்படுவதில்லை. அதனால் களத்தின் இறுகல் கெழு ஆய்வகத்ததைவிடப் பெரும்பாலும் சில மடங்கு அதிகமாகவே வரும். எதிர்த்திசையிலும் பிழை உண்டு: குழாயில் எடுக்கும்போது கலைந்த மண், விறைப்பையும் இறுகல் கெழுவையும் குறைத்துக் காட்டும். அளவுகளில் எதற்குப் பணம் செலவழிப்பது என்று கேட்டால், ஊடுருவுதிறனைக் களத்திலேயே அளப்பதற்குத்தான் என்போம். சுமையில் 10 விழுக்காடு பிழை வந்தால் விடையிலும் 10 விழுக்காடு. ஊடுருவுதிறனில் பத்து மடங்குப் பிழை சாதாரணம்.

எக்செல்லில் போட முடியுமா?

தாராளமாக. 6 மீட்டரை 20 துண்டாக்குங்கள், துண்டுக்கு 0.3 மீட்டர், 21 புள்ளிகள், 21 நிரல்கள். ஒவ்வொரு வரிசையும் 10 நாள். முதல் வரிசையில் உள்புள்ளிகள் எல்லாவற்றிலும் 28.5, இரு முனைகளிலும் அதன் பாதி, 14.25. இரண்டாவது வரிசையிலிருந்து முனைகள் சுழி. முனையைப் பாதியாகத் தொடங்குவது ஒரு சின்ன உத்தி. முதல் சில வரிசைகளின் பிழையைக் குறைக்கும்.

விகிதம் = இறுகல் கெழு × கால இடைவெளி ÷ துண்டின் வர்க்கம் = 1 × 0.0274 ÷ 0.09 = 0.304. உள்புள்ளிக்குச் சூத்திரம்: புதிய அழுத்தம் = பழையது + விகிதம் × (மேல் புள்ளி − 2 × இந்தப் புள்ளி + கீழ்ப் புள்ளி). வரிசையின் சராசரியை எடுக்கும்போது முனைகளுக்குப் பாதி எடை கொடுங்கள். அமுங்கிய அளவு = 17.1 × (1 − சராசரி ÷ 28.5) சென்டிமீட்டர்.

சரியா என்று பார்க்க 65-ஆவது வரிசைக்குப் போங்கள். அங்கே சராசரி 14.25-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் 50 விழுக்காடு.

அடியில் நீர் விடாத மண் என்றால் கடைசிப் புள்ளியைச் சுழியாக்காமல், பழையது + விகிதம் × 2 × (மேல் புள்ளி − இந்தப் புள்ளி) என்று எழுதுங்கள். 14.25 இப்போது 259-ஆவது வரிசைக்குத் தள்ளிப் போகும். நான்கு மடங்கு.

கால இடைவெளியை 20 நாளாக மாற்றினால் விகிதம் 0.5-ஐத் தாண்டும். அடுத்தடுத்த கட்டங்களில் கூட்டல் கழித்தல் குறி மாறி மாறி வந்து, எண்கள் வீங்கிக்கொண்டே போகும். அது மண்ணின் குணம் அல்ல, கணக்கு முறையின் குணம்.

நெடுஞ்சாலை போடும்போது தரையில் பட்டையாக ஏதோ குத்துகிறார்களே, அது என்ன?

செங்குத்து வடிகால் பட்டை. 100 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். பிளாஸ்டிக் நடுவம், மேலே வடிகட்டித் துணி. நீர் 3 மீட்டர் மேலே ஏறுவதற்குப் பதில் அரை மீட்டர் பக்கவாட்டில் போனால் போதும்.

1.2 மீட்டர் முக்கோண இடைவெளி என்றால் ஒரு பட்டை ஆளும் வட்டத்தின் விட்டம் 1.26 மீட்டர். பட்டையின் சமான விட்டம் 66 மில்லிமீட்டர். விகிதம் 19, அதன் இயல் மடக்கையில் 0.75 கழித்தால் 2.19. 90 விழுக்காட்டுக் காலம் = 2.303 × 2.19 × 1.26² ÷ (8 × 1) = 1 ஆண்டு. 7.6 ஆண்டு 1 ஆண்டாகிவிட்டது.

ஆனால் பட்டையைக் குத்தும் இரும்புக் குழாய் பக்கத்து மண்ணைப் பூசி மெழுகிவிடும். பட்டையின் மூன்று மடங்கு விட்டம் வரை மண் கலைந்து, அங்கே ஊடுருவுதிறன் பாதியானால் 2.19 என்பது 3.29 ஆகும்; காலம் ஒன்றரை ஆண்டு. "பட்டையை நெருக்கமாகக் குத்தினால் இன்னும் வேகம்" என்று 0.7 மீட்டருக்கு இறங்குபவர்கள் உண்டு. கலைந்த பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடுவதால் எதிர்பார்த்த லாபம் கிடைக்காது.

கூடுதல் மண் ஏற்றி, அமுங்கியதும் எடுத்துவிட்டால் சீக்கிரம் முடியாதா?

முடியும். 1.5 மீட்டருக்கு மேல் இன்னொரு மீட்டர் ஏற்றினால் சுமை 47.5 கிலோபாஸ்கல், இறுதி அமுங்கல் 28.5 சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது 17.1 மட்டும், அதாவது 60 விழுக்காடு. நேரக் காரணி 0.286, 2.6 ஆண்டில் கிடைத்துவிடும்.

இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, நீர் வெளியேறாத நிலையில் களிமண்ணின் வலிமை 10 கிலோபாஸ்கல் என்றால் அது தாங்கும் எல்லை 5.14 × 10 = 51 கிலோபாஸ்கல். 47.5 ஏற்றினால் பாதுகாப்புக் காரணி 1.08, ஒரே நாளில் கொட்டினால் மண் பக்கவாட்டில் பிதுங்கிச் சரியக்கூடும். அதனால்தான் கட்டம் கட்டமாக ஏற்றி, நடுவில் மாதக்கணக்கில் நிறுத்துகிறார்கள். இரண்டாவது, 60 விழுக்காடு என்பது சராசரி. மணலை ஒட்டிய களிமண் நன்றாக இறுகியிருக்கும், நடுப்பகுதி பின்தங்கியிருக்கும். மண்ணை எடுத்த பிறகும் நடுப்பகுதி இறுகிக்கொண்டே இருக்கும். நடுவில் நீரழுத்தமானி வைக்காமல், மேலே உள்ள அமுங்கல் தட்டை மட்டும் பார்த்து மண்ணை எடுப்பது அவசரம்.

கம்புட் மண்ணுக்கும் இதே கணக்கா?

பாதிதான். செம்பனைத் தோட்டத்தில் இந்தக் கேள்வி அதிகம் வருவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கம்புட்டின் எடை நீரைவிடச் சற்றே அதிகம். உலர் எடையைப்போல் பல மடங்கு நீர் பிடித்திருக்கும். அதனால் நீர்மட்டம் தரையோடு இருக்கும்போது சட்டகத்தின் தகைவு கிட்டத்தட்டச் சுழி. இப்போது வாய்க்காலை ஆழப்படுத்தி நீர்மட்டத்தை 50 சென்டிமீட்டர் இறக்குங்கள். மேலே ஒரு பிடி மண்கூடப் போடாமலே சட்டகத்தின்மேல் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல் ஏறிவிடும். தோட்டம் திறந்த முதல் ஆண்டுகளில் நிலம் வேகமாகத் தாழ்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பியோ மாதிரி இந்தப் பகுதியை நன்றாகவே பிடிக்கும்.

பிடிக்காதவை மூன்று. தொடக்கத்தில் நார் நிறைந்த கம்புட் நீரை எளிதாக விடும். அமுங்க அமுங்க ஊடுருவுதிறன் நூற்றுக்கணக்கான மடங்கு விழும். மாறா எண் ஒன்றைப் போட்டு ஓட்டினால் தொடக்கமும் முடிவும் இரண்டுமே தவறும். அடுத்தது, நீரழுத்தம் தீர்ந்த பிறகும் நார்கள் மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். இந்தத் தவழ்ச்சி காலத்தின் மடக்கைக்கு விகிதமாகப் பல ஆண்டுகள் தொடரும். கடைசியானது, நீர்மட்டத்துக்கு மேலே காற்றுப்பட்ட கம்புட் மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். மாதிரியில் திடப்பொருளின் நிறை மாறாது என்று எழுதியிருக்கிறோம்; இங்கே திடப்பொருளே காணாமல் போகிறது. அதற்குத் தனி இழப்பு உறுப்பு ஒன்றைச் சேர்க்காமல் நீண்ட காலக் கணிப்பு செய்யக்கூடாது. வேர் வெளியே தெரிந்து செம்பனைகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பது இந்த இழப்பின் அடையாளம். தடுப்புகள் வைத்து நிலத்தடி நீரைத் தரைக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே நிறுத்துவது வழக்கம். வேருக்குக் காற்று வேண்டும், மண்ணும் மக்கக்கூடாது. இரண்டுக்கும் இடையிலான சமரசம் அது.

தோட்டச் சாலை இறங்க இறங்கச் செம்மண் கொட்டி உயர்த்துவதும் தீர்வாகாது. நீருக்குள் மூழ்கிய பிறகும் செம்மண்ணின் எடை கன மீட்டருக்கு 9 கிலோநியூட்டன்; கம்புட்டுடையது 1-ஐ ஒட்டியே. ஒவ்வொரு முறை கொட்டுவதும் புதுச் சுமை.

செம்பனை ஆலையில் எண்ணெய் பிழிவதும் இதே இயல்பியலா?

ஆம், அடிப்படை அதேதான். ஸ்க்ரூ பிரஸ்ஸுக்குள் போகும் கூழ் ஒரு மென்மையான நுண்துளைப் பொருள். நார்தான் சட்டகம், எண்ணெயும் நீரும் துளைத் திரவம். அழுத்தம் ஏற்றியவுடன் முதலில் தாங்குவது திரவம்; துளைக்கூட்டின் வழியாக அது வெளியேறிய பிறகே நார் நசுங்குகிறது.

கூழை முதலில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்குவதன் காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. 50 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் செம்பனை எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. வடியும் காலமும் அப்படியே குறைகிறது. பிரஸ் அழுத்தத்தைக் கூட்டுவதால் இவ்வளவு லாபம் வராது. அழுத்தம் கூடும்போது நார் இறுகி ஊடுருவுதிறன் விழும். கொட்டைகள் வேறு உடையும். அழுத்தத்தைக் குறைத்தால் நாரிலேயே எண்ணெய் தங்கும். திரவம் இரண்டு வகை என்பதால் முழு மாதிரிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி டார்சி விதி வேண்டும்.

முழங்கால் குருத்தெலும்புக்கும் மண்ணுக்கும் ஒரே சமன்பாடா?

1980-இல் வான் மோவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட, திசுவைத் திடமும் திரவமும் சேர்ந்ததாகப் பார்க்கும் இருகட்டக் கோட்பாடு அப்படித்தான் தொடங்குகிறது. குருத்தெலும்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். முழுதும் வடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்று மேலே பார்த்தோம். நடக்கும்போது சுமை நொடிக்கு ஒருமுறை வந்து போகிறது. அந்த ஒரு நொடியில் நீர் நகரும் ஆழம் 20 மைக்ரோமீட்டரை ஒட்டியதுதான். ஆகவே சுமையின் பெரும்பகுதியைத் திரவ அழுத்தமே தாங்குகிறது, சட்டகம் தேய்வதில்லை. நெடுநேரம் அசையாமல் நின்றால் நீர் மெல்ல வெளியேறிச் சுமை சட்டகத்துக்குப் போகும். மண் பொறியாளருக்குத் தலைவலியாக இருக்கும் தாமதம் மூட்டுக்குப் பாதுகாப்பு.

சாதாரண நேரியல் கணக்கு எப்போது கைவிடும்?

திரிபு, அதாவது தடிமனில் சுருங்கிய பங்கு, 10 விழுக்காட்டைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். துளைப்பங்கு (மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கு) 70 விழுக்காட்டிலிருந்து 60-க்கு வந்தால் தடிமன் கால் பங்கு குறைந்திருக்கும். கோசெனி–கார்மன் தொடர்பின்படி ஊடுருவுதிறன் துளைப்பங்கின் கனத்தை, திடப்பங்கின் வர்க்கத்தால் வகுத்ததற்கு விகிதமானது. அதைப் போட்டுப் பார்த்தால் 2.8 மடங்கு குறைந்திருக்கும். கூடவே சட்டகம் விறைக்கும், நீர் போகும் தூரமும் குறையும். இந்த மூன்றும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால்தான் பழைய நேரியல் கணக்கு பல நேரம் தப்பிக்கிறது. நம்பித் தொங்கவேண்டாம். கிப்சன், இங்லண்ட், ஹஸ்ஸி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1967-இல் தந்த பெருந்திரிபு வடிவம், நகரும் துகளோடு சேர்ந்து நகரும் ஆயத்தில் எழுதப்பட்டது. மென்சேறுக்கு அதுவே பொருத்தம்.

ஃபைனைட் எலிமெண்ட்டில் (பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தீர்க்கும் முறை) ஓட்டினால் அழுத்தம் கட்டம் கட்டமாக ஏறி இறங்குகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். இடப்பெயர்ச்சிக்கும் அழுத்தத்துக்கும் ஒரே படியுள்ள சார்புகளைப் போட்டிருப்பீர்கள். இடப்பெயர்ச்சிக்கு இருபடி, அழுத்தத்துக்கு ஒருபடி என்ற டெய்லர்–ஹூட் சேர்க்கைக்கு மாற்றுங்கள்.

மாற்றியும் வடிகால் ஓரத்தில் அலை இருந்தால் கால இடைவெளி மிகச் சிறிதாகிவிட்டது. வெர்மீர், வெர்ரைட் இருவரும் 1981-இல் தந்த எல்லை: கால இடைவெளி, கட்டத்தின் வர்க்கத்தை 6 × இறுகல் கெழுவால் வகுத்ததைவிடக் குறையக்கூடாது. 0.25 மீட்டர் கட்டம், கெழு 1 என்றால் 3.8 நாள். எக்செல்லில் இடைவெளி கூடினால் வெடித்தது. இங்கே குறைந்தால் கெடுகிறது. முதல் நாளின் நிலைமை கட்டாயம் வேண்டும் என்றால் இடைவெளியைக் குறைக்கும் முன் ஓரத்தில் கட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

விசையையும் ஓட்டத்தையும் தனித்தனியே மாற்றி மாற்றித் தீர்ப்பவர்கள் ஓட்டத்தை முதலில், மொத்தத் தகைவை நிலையாக வைத்துத் தீர்க்கட்டும். திரிபை நிலையாக வைக்கும் முறை மென்மையான பொருள்களில் நிலைகுலையும்.

எழுதிய நிரல் சரியா என்று எதோடு ஒப்பிடுவது?

முதலில் தெர்சாகியின் ஒருபரிமாணத் தீர்வு. பிறகு 1953-இல் மண்டேல் தந்தது: இரண்டு விறைப்பான தட்டுகளுக்கு நடுவே பொருள், பக்கவாட்டில் மட்டும் வடிகால். நடுவில் உள்ள நீரழுத்தம் குறைவதற்கு முன் ஏறும். ஓரம் முதலில் வடிந்து சுருங்குவதால் சுமை நடுப்பகுதிக்கு நகர்கிறது. உங்கள் நிரலில் அந்த ஏற்றம் வரவில்லை என்றால் விசைக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தையும் இதை வைத்து விளக்கலாமா?

ஓரளவுக்கு. 1885-இல் கட்டிய 25.5 மீட்டர் உயரக் கோபுரம். உள்ளே தண்ணீர்த் தொட்டி, கீழே மென்மண். ஒரு பக்க மண் கொஞ்சம் அதிகம் அமுங்கியதும் எடையின் மையம் அந்தப் பக்கம் நகரும். நகர்ந்ததும் அங்கே சுமை கூடும். இது ஒருபரிமாணக் கணக்கில் வராது. முப்பரிமாண மாதிரி வேண்டும், ஒவ்வொரு கால அடியிலும் சாய்வுக்கு ஏற்பச் சுமையைத் திருத்தவும் வேண்டும்.

எந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்?

எஸ்டிபிஎம் (மலேசிய ஆறாம் படிவத் தேர்வு) அளவு வகையீடு, தொகையீடு இருந்தால் எக்செல் பகுதி வரை போதும். அதற்கு மேல் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் தகைவு அணியும்.

மென்பொருள்?

கட்டுமானத்துக்குப் பிளாக்சிஸ். திசுக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபெபயோ. சமன்பாட்டைத் தானே எழுதிப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஃபெனிக்ஸ் அல்லது ஃப்ரீஃபெம். எதில் ஓட்டினாலும் எல்லை நிபந்தனைப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீர் வெளியேறுமா இல்லையா என்று குறித்திருப்பதைச் சரிபாருங்கள். சில மென்பொருள்களில் எதுவும் குறிக்காத பக்கம் "நீர் விடாதது" என்றே எடுத்துக்கொள்ளப்படும். எல்லாப் பக்கத்தையும் அப்படி விட்டுவிட்டால் நூறு ஆண்டு ஓட்டினாலும் மண் அசையாது.